வலையில் எங்கே பட்டது

என் மனுசன் எமிலியானுஸைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். வயது அறுபத்தொன்று. மொன்றியல் டவுன்டவுனில் ஒரு ஹோட்டலின் நிலக்கீழ்ச் சலவை அறையில் இருபத்தெட்டு வருடமாகக் கட்டில் விரிப்பு மடிக்கிறார். வருடத்தில் ஒரே ஒரு நாள், ஓகஸ்ட் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, எங்கள் கத்தோலிக்கப் பங்குத் திருவிழாவோடு நடக்கும் கரப்பந்தாட்டப் போட்டியில், பெயின்ற் அடிக்கிறவர்களின் ஏணியில் ஏறி நின்று விசில் ஊதுவார். அந்த ஒரு நாளைப் பற்றி மிச்ச நாளெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போய்விட்டது.

அவர் ஒருநாளும் ஒழுங்காகப் பந்து விளையாடியவர் இல்லை. ஐந்தடி மூன்று அங்குலம். கையை உயர்த்திக் குதித்தாலும் வலையின் மேல் பட்டி அவருக்கு எட்டாது. யாழ்ப்பாணத்தில் தமையன்மார் விளையாட, இவர் ஓரத்தில் நின்று புள்ளி சொன்னவர். பிறகு எப்படி நடுவரானார் என்றால், வேறு ஒருவரும் வராததால்தான். 2005ஆம் வருடம் இரண்டு அணிகள் கோயில் வளவுக்குள்ளேயே கட்டிப் புரண்டன. அடுத்த ஞாயிறு பூசை முடிய, பங்குச் சுவாமி, "கோபம் வராத ஆள் ஒருத்தர் வேணும்" என்று கேட்டார். எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். இவர் மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டார். அவர் செய்த பிழை அவ்வளவுதான்.

கோபம் வராத ஆள் என்பது மெய்தான். அவருக்கும் சேர்த்து நான் கோபப்படுகிறேன். பகல் முழுக்க கார்டெரி என்கிற பகல் காப்பகத்தில் சின்னப் பிள்ளைகளோடு நிற்கிறவள் நான். அங்கே குரலை உயர்த்தக் கூடாது. உயர்த்தாத குரலெல்லாம் ஆறு மணிக்கு என்னோடு வீட்டுக்கு வந்துவிடும்.

நடுவருக்கு நேர் எதிரே, வலையின் மற்ற முனையில், புள்ளி எழுதுகிற மேசை இருக்கும். அதற்கும் யாரும் வரவில்லை. ஆகவே நான். முதல் வருடமே குசினியில் வைத்து எனக்கு ஒரு சட்டம் போட்டார்.

"இஞ்சேரும் சிசிலி, மேசையில இருக்கிறவ வாய் திறக்கக் கூடாது. என்னத்தைக் கண்டாலும் சரி, எழுதுறதுதான் உம்மட வேலை. ஒரு சொல் சொன்னீரோ, மனுசிதான் விசில் ஊதுறா எண்டு சனம் கதைக்கும்."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. என்னைப் போல வாய்க்காரி ஒருத்தியை அந்த மேசையில் இருபது வருடம் பேசாமல் வைத்திருந்தது அவருடைய பெரிய சாதனை.

பந்து விளையாடாதவர்களுக்கு ஒரு விசயம் சொல்ல வேண்டும். கரப்பந்தில் சண்டை வருவது பந்தால் இல்லை, வலையால். அடிக்கவோ மறிக்கவோ குதிக்கிறவன் வலையில் படக்கூடாது, பட்டால் புள்ளி எதிரணிக்கு. கேட்க எவ்வளவு லேசு. ஆனால் எதிராளி அடித்த பந்து வலையில் மோதி, அந்த வலை வந்து இவன்மேல் பட்டால் பிழையில்லை. பந்துக்குச் சம்பந்தமில்லாமல் நடந்து போகிறவனின் தோள் உரசினால் பிழையில்லை. மறிக்கிறவன் கையை வலைக்கு மேலால் அந்தப் பக்கம் நீட்டலாம், ஆனால் எதிராளி அடித்து முடியும்வரை பந்தைத் தொடக்கூடாது. பாதம் நடுக்கோட்டைத் தாண்டலாம், முழுப்பாதமும் தாண்டக்கூடாது. இவ்வளவையும் கண் மூடித் திறப்பதற்குள் பார்த்து ஊத வேண்டும். ஊதிய பிறகு அரை மணி நேரம் பேச்சு வாங்க வேண்டும்.

ஒருமுறை பெண்களின் ஆட்டத்தில் ஒரு பிள்ளையின் பின்னல் வலையில் உரசிவிட்டது. கிறிஸ்தோப்பர் ஓடி வந்தார். அவர் போட்டிக் குழுத் தலைவர், பலசரக்குக் கடைக்காரர், குரல் மட்டும் மைக் இல்லாமலே மைதானத்தைச் சுற்றி வரும். "வலை தொட்டாச்சு, ஊதுங்கோ" என்று நின்றார். எமில் ஏணியில் நின்றபடியே, "தலைமயிருக்கு விசில் இல்லை, கிறிஸ்தோப்பர்" என்றார். அதைச் சொல்லிச் சொல்லி அந்த வருடம் முழுக்கச் சனம் சிரித்தது.

மேல் பட்டியை ஏணியில் நிற்கிறவர் பார்ப்பார். வலையின் கீழ்ப்பகுதியைப் பார்க்க இரண்டாவது நடுவர் ஒருவர் தரையில், மேசைப் பக்கமாக நிற்க வேண்டும். எங்களிடம் அப்படி ஒருவர் ஒரு வருடமும் இருந்ததில்லை. ஒரு ஆளைப் பிடிக்கவே பட்ட பாடு போதும். அதனால் கீழ்ப்பகுதி நேராகத் தெரிகிற இடத்தில் இருந்தது என் மேசை மட்டும்தான்.

இனி 2012க்கு வருகிறேன். வராமல் இருக்க ஏலுமென்றால் வரமாட்டேன்.

வின்சன்ட் என் தம்பி. எனக்கு ஏழு வயது இளையவன். கனடா வந்து இறங்கியபோது எங்கள் இரண்டு அறை வீட்டில் மூன்று வருடம் இருந்தவன். என் மகள் கத்தரினுக்கு நடை பழக்கியவன் அவன். எமிலும் அவனும் ஒரே சோபாவில் இருந்து ஐஸ் ஹொக்கி பார்ப்பார்கள், இரண்டு பேருக்கும் ஒரு சட்டமும் விளங்காது, ஆனால் சத்தம் போடுவார்கள். "அத்தான், அத்தான்" என்று அவன் இவருக்குப் பின்னால் திரிந்தது எனக்கே சில நேரம் எரிச்சலாக இருக்கும். ஆறடி உயரம். 'கடற்பறவை' அணிக்கு அடிக்கிறவன் அவன்தான்.

அந்த வருட இறுதியாட்டம் கடற்பறவைக்கும் 'விடிவெள்ளி'க்கும். விடிவெள்ளியில் கிறிஸ்தோப்பரின் மகன்மார் இரண்டு பேர். மூன்றாவது சுற்று, பதினான்குக்குப் பதினான்கு. முறைப்படி என்றால் இரண்டு புள்ளி வித்தியாசம் வரும்வரை போக வேண்டும். எங்கள் போட்டியில் இருட்டிவிடும், மைதானத்தை விட்டு வெளிக்கிட வேண்டும் என்று பதினைந்தில் முடித்துவிடுவது வழக்கம். அடுத்த புள்ளிதான் கப்.

வின்சன்ட் குதித்தான், அடித்தான், பந்து எதிர்ப்பக்க மூலையில் விழுந்தது. கடற்பறவை ஆட்கள் மைதானத்துக்குள் ஓடிவிட்டார்கள். அவன் கீழே இறங்கும்போது முழங்கை வலையில் உரசியது. வலை ஆடியது. எமில் விசில் ஊதி, வலையைத் தொட்டுக் காட்டினார்.

"அத்தான், மேல் பட்டியில படேல்லை. கீழதான் பட்டது" என்று வின்சன்ட் ஏணியடிக்கு வந்தான். "இப்ப சட்டம் மாறிட்டுது. மேல் பட்டி தொட்டாத்தான் பிழை. கீழ பட்டா ஆருக்கும் இடைஞ்சல் இல்லாட்டிப் பிழையில்லை."

"மேலதான் பட்டது. நாங்கள் எல்லாரும் கண்டனாங்கள்" என்றார் கிறிஸ்தோப்பர். அவர் நின்றது கொத்துரொட்டி போடுகிற கூடாரத்தடியில். அங்கிருந்து வலை தெரிவதே பெரிய விசயம்.

எமில் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "மேல் என்ன, கீழ் என்ன. வலை எண்டா வலைதான். அப்பிடி ஒரு சட்டமும் இல்லை. பொய் சொல்லாதை வின்சன்ட்."

பங்குச் சனம் அத்தனைக்கும் முன்னால், ஏணியில் நின்றுகொண்டு சொன்னார். அதற்கு முன் யாரையும் அவர் அப்படிச் சொன்னதில்லை. மச்சானுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார் என்று ஊர் வாய் பேசிவிடுமோ என்ற பயம் அது. கோபமில்லை. எனக்கு அந்த மனுசனைத் தெரியும். "பொய்யன், பொய்யன்" என்று விடிவெள்ளிப் பக்கத்திலிருந்து கத்தத் தொடங்கினார்கள். வின்சன்ட் என் மேசைப் பக்கம் திரும்பி என்னவோ கேட்டான். ஒரே சத்தம். நான் விடிவெள்ளிக்குப் பதினைந்தாவது புள்ளியை எழுதினேன்.

அந்த வருட நத்தார்ப் பண்டிகைக்கு அவன் வீட்டுக்கு வரவில்லை. அடுத்த வருடம் புரோசார்டுக்கு வீடு மாறிப் போனான். நடுவில் ஒரு ஆறும் ஒரு பாலமும்தான். யாழ்ப்பாணத்தில் அம்மா மோசம் போனபோது இங்கே பூசை வைத்தோம். அவன் இடப்பக்க வாங்கில் நின்றான், நாங்கள் வலப்பக்கம். பூசை முடிய கத்தரினின் தலையைத் தடவிவிட்டுக் காருக்குப் போய்விட்டான். ஒரே தாய்க்கு அழுத இரண்டு பேர், ஒரு தேத்தண்ணி சேர்ந்து குடிக்கவில்லை. ஒரு வலையால்.

2015இல் கிறிஸ்தோப்பர் ஒரு தாளோடு வந்தார். சட்டம் மாறியிருக்கிறதாம். பந்து விளையாடும்போது இரண்டு கம்புக்கும் இடையில் வலையின் எந்த இடத்தில் பட்டாலும் பிழை. "பாத்தியளோ, எமில் அண்ணை சரிதான்" என்று கோயில் வாசலில் வாசித்துக் காட்டினார். நான் அன்றைக்கே தம்பிக்குப் போன் எடுத்தேன். "இப்ப புத்தகத்திலயே வந்திட்டுது. அத்தானிட்ட வந்து மன்னிப்புக் கேள்" என்றேன். "சரி அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான். வரவில்லை. நான் அந்தத் தாளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தேன், வெட்கமில்லாமல் இரண்டு வருடம்.

இப்படியே பத்து வருடம் போயிற்று. போன வருடம் சித்திரையில் புதிதாக வந்த குழுப் பிள்ளைகள், நடுவருக்கு ஒரு அத்தாட்சிப் பத்திரம் வேண்டும், ஒருநாள் வகுப்பு, முடிவில் சோதனை என்றார்கள். வகுப்பு பிரெஞ்சில். இவருக்குத் தெரிந்த பிரெஞ்ச் சலவை அறைப் பிரெஞ்ச்: விரிப்பு, துவாய், கெதி. ஆகவே எனக்கு ஒரு சனிக்கிழமை போயிற்று. பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில், எங்கள் மகளை விட இளைய ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை படிப்பித்தது. நான் பக்கத்தில் இருந்து காதுக்குள் தமிழாக்கிக்கொண்டிருந்தேன்.

வலைப் பிழைகளுக்கு வந்ததும் அந்தப் பிள்ளை சிரித்தது. வயதான நடுவர்கள் ஒவ்வொருவரும் தாங்கள் படித்த காலத்துச் சட்டத்தைத்தான் கொண்டு வருவார்கள், அதை முதலில் கழற்றி வையுங்கள் என்று சொல்லிப் பலகையில் மூன்று பத்தி கீறியது. 2008 வரைக்கும் ஆட்டத்தில் வலை தொட்டால் பிழை. 2009இலிருந்து 2014 வரைக்கும் மேல் பட்டியைத் தொட்டால்தான் பிழை, கீழே பட்டது யாருக்கும் இடைஞ்சல் இல்லையென்றால் பிழையில்லை. 2015இலிருந்து திரும்பவும் எங்கே பட்டாலும் பிழை.

நான் நடுப்பத்தியைத் தமிழில் சொல்லி முடிக்குமுன்னரே எமில் கையை உயர்த்திவிட்டார். "மடாம், டெ மில் டூஸ்?" என்று கேட்டு, தன் முழங்கையைத் தொட்டு, காற்றில் ஒரு வலையின் கீழ்ப்பகுதியைக் காட்டினார். இரண்டாயிரத்துப் பன்னிரண்டாம் வருடமா, முழங்கையா, கீழேயா, எதிராளிக்கு இடைஞ்சல் இல்லையென்றால் பிழையே இல்லை என்றது அந்தப் பிள்ளை. பிறகு ஏதோ பகிடியும் சொன்னது, எல்லோரும் சிரித்தார்கள். இவர் பேனையை மூடி மேசையில் வைத்தார்.

திரும்பி வரும்போது, மெற்றோவில் ஐந்து நிலையம் தாண்டிய பிறகு சொன்னார்.

"சிசிலி, அவன் பொய் சொல்லேல்லை."

"ஆர்?" என்றேன். ஆரென்று தெரியாமலா கேட்டேன்.

"வின்சன்ட். அண்டைக்கு அதுதான் சட்டம். நான் ஊர்ச் சட்டத்தை வைச்சு ஊதிப்போட்டன்."

எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? யாழ்ப்பாணத்தில் எண்பத்தேழாம் வருடம் தமையன் சொல்லிக் கொடுத்ததை மூட்டை கட்டிக்கொண்டு வந்து, மொன்றியலில் ஏணி வைத்து ஊதியிருக்கிறார். புத்தகம் இங்கே எந்நேரமும் கிடைக்கிறது. வாசித்தவர் யார்? அவருமில்லை, கிறிஸ்தோப்பருமில்லை. வலை என்றால் வலைதானே என்று எல்லோருக்கும் பிறக்கும்போதே தெரியும். வாசித்தவன் என் தம்பி ஒருவன், அவன்தான் பொய்யன்.

"பதின்மூண்டு வருசம். ஒரு புத்தகத்தைத் திறந்து பாக்க உங்களுக்குப் பதின்மூண்டு வருசமோ?" என்றேன். பக்கத்தில் இருந்த மனுசி எழும்பி அந்தப் பக்கம் போய்விட்டாள். இவர் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். சோதனையில் ஐம்பதுக்கு நாற்பத்தொன்று. வலைக் கேள்வி ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவருக்கு நித்திரை போயிற்று. ஒருநாள் நான் வேலையால் வந்து கதவைத் திறந்தால், நடைவழியில் ஒரு கட்டில் விரிப்பைக் குறுக்காகக் கட்டி, அதன் மேல் விளிம்பில் வெள்ளை ஒட்டுநாடா போட்டு, அவர் குசினிக் கதிரையில் ஏறி நிற்கிறார். பன்னிரண்டு மணி நேரம் விரிப்பு மடித்துவிட்டு வந்த மனுசன்.

"முழங்கையை அதில உரசும்" என்றார்.

"சோறு வடிக்க வேணும்."

"ஒருக்கா சிசிலி."

உரசினேன். கீழே ஒருமுறை, மேலே ஒருமுறை. அவர் கதிரையில் நின்று குனிந்து பார்த்தார்.

"இஞ்ச நிண்டா எங்க பட்டதெண்டு தெரியேல்லை. துணி ஆடுறதுதான் தெரியுது. அண்டைக்கும் எனக்குத் தெரியேல்லை. ஆடினதைப் பாத்துத்தான் ஊதினனான்." பிறகு கதிரையைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். "உமக்கு மேசையில இருந்து தெரிஞ்சதோ?"

"எனக்கெங்க ஞாபகம்" என்று சொல்லிவிட்டு உலைக்குப் போனேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிய கிறிஸ்தோப்பரைப் பிடித்தார். இந்த ஓகஸ்டில், இறுதியாட்டத்துக்கு முன்னால், 2012இல் ஊதியது பிழை என்று மைக்கில் சொல்ல வேண்டும் என்றார். கிறிஸ்தோப்பர் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

"அண்ணை, விசர்க்கதை கதையாதேங்கோ. பதின்மூண்டு வருசத்துக்கு முந்தின விசில். கப்பை ஆர் திருப்பித் தாறது?"

கப்பை எனக்குத் தெரியும். அது அவருடைய கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் பேனை போட்டு வைக்கிற ஏனமாக இருக்கிறது.

"அப்ப வின்சன்ட்டின்ர வீட்டை போய்ச் சொல்லுவம்" என்றார் எமில் என்னிடம். போனில் சொல்லுங்கள் என்றேன். முகத்துக்கு முன்னால் பொய்யன் என்றவன் முகத்துக்கு முன்னால்தான் சொல்ல வேண்டும் என்றார். என் தம்பி எனக்குத் திரும்ப வேண்டும் என்று பதின்மூன்று வருடம் செபமாலை சொன்னவள் நான். அதற்கு வழி திறந்தபோது என் கால்தான் பின்னால் இழுத்தது. இவருக்கு அது ஏன் என்று விளங்கவில்லை. முழங்கால் நோகிறது, படி ஏறேலாது, மழை வரும் என்று நான் சாட்டுச் சொன்னதெல்லாம் அவருடைய முழங்காலை வைத்து.

வைகாசியில் ஒரு ஞாயிறு போனோம். புதுப் பாலத்தால் போகிற றெயில், இருபது நிமிடம். கத்தரின் பழைய சட்டப் புத்தகத்தை எங்கிருந்தோ எடுத்து அச்சடித்துத் தந்திருந்தாள். எமில் அதைப் பிளாஸ்ரிக் பையில் போட்டு மடியில் வைத்திருந்தார். சட்டைப் பையில் விசிலும் இருந்தது. அது எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு என்னிடம் வலு இல்லை.

வின்சன்ட்தான் கதவைத் திறந்தான். தலை நரைத்து, வயிறு கொஞ்சம் வைத்திருந்தது. "வாங்கோ அத்தான்" என்றான். என்னைப் பார்த்து, "வாங்கோ" என்றான். பிறந்ததிலிருந்து என்னை 'நீ' என்று கூப்பிட்டவன் அவன்.

அவன் மனைவி றொஷினி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். எமில் இருக்கவில்லை. நின்றபடியே பையிலிருந்து தாள்களை எடுத்து, விரல் வைத்து அந்த வரியைக் காட்டினார்.

"வின்சன்ட், நீ சொன்னதுதான் சரி. நான் சட்டம் தெரியாமல் ஊதிப்போட்டு, உன்னைப் பொய்யன் எண்டும் சொல்லிப்போட்டன். சனத்துக்கு முன்னால சொல்ல வேண்டியதை வீட்டுக்குள்ள வந்து சொல்றன். அவங்கள் மைக் தரேல்லை."

வின்சன்ட் தாளை வாங்கினான், பார்க்கவில்லை. மேசையில் வைத்தான்.

"இருங்கோ அத்தான், கால் நோகும். உங்களோட இருந்த கோபம் எனக்கு ரெண்டு வருசத்தில போயிட்டுது. ஏணியில நிக்கிறவன் பிழை விடுறதுதான். நானும் இஞ்ச பிள்ளையளுக்கு ஊதுறனான், எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன்ரா இவ்வளவு காலமும் வரேல்லை?" என்றார் எமில்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அண்டைக்கு அவங்கள் பொய்யன் எண்டு கத்தேக்க நான் அக்காவைத் திரும்பிப் பாத்துக் கேட்டனான். நீ நேர பாத்தனி, எங்க பட்டதெண்டு சொல்லு எண்டு. அவ குனிஞ்சு எழுதினவ. மூண்டு வருசத்தால போன் எடுத்து என்னை மன்னிப்புக் கேக்கச் சொன்னவ."

ஒரே சத்தம் என்று முன்னால் சொன்னேனே, அது பொய். அவன் கேட்டது எனக்கு நன்றாகக் கேட்டது. அந்த முழங்கை பட்ட இடமும் எனக்குத் தெரியும். மேல் பட்டியிலிருந்து ஒரு முழம் கீழே. என் கண்ணுக்கு நேரே. "கீழ" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் புள்ளி மாறியிராது, இவருடைய சட்டத்தில் கீழும் பிழைதான். ஆனால் கொத்துரொட்டிக் கூடாரத்தடியில் நின்றவர்கள் என் தம்பியைப் பொய்யன் என்று கத்தியிருக்க மாட்டார்கள். சொன்னால் என் மனுசனுக்குச் சனத்துக்கு முன்னால் இளக்காரமாகிவிடும் என்று குனிந்தேன். அன்றைக்கு ஒரு நிமிடம் குனிந்தது. பிறகு நிமிர வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மறைக்கத்தான் அந்தத் தாளைக் குளிர்பெட்டியில் ஒட்டினேன், அவனுக்குப் போன் எடுத்தேன், இவரோடு மெற்றோவில் சண்டை பிடித்தேன்.

எமில் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். "உமக்குத் தெரியுமோ?"

"தெரியும். கீழதான் பட்டது. நான் கண்டனான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"மேசையில இருக்கிறவ வாய் திறக்கக் கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

வாயிலிருந்து வந்ததும் எனக்கே அருவருப்பாக இருந்தது.

"வீட்டில ஏது சிசிலி மேசை?" என்றார். குரலை உயர்த்தாமல் சொன்னார். உயர்த்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எனக்குக் கண்ணால் வடிந்தது. "வின்சன்ட், கீழதான் பட்டது. நீ கேட்டது எனக்குக் கேட்டது. நான் பயந்து குனிஞ்சனான். என்ர பிழை" என்றேன். அறுபதை எட்டப்போகிற ஒரு மனுசி, தம்பியின் வீட்டு சோபாவில் இருந்துகொண்டு, பதின்மூன்று வருடம் பிந்தி.

றொஷினி கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வின்சன்ட் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தான்.

"இவ்வளவுதான் கேட்டனான் அக்கா. வேற ஒண்டும் கேக்கேல்லை." எழும்பிக் குசினிப் பக்கம் பார்த்து, "றொஷினி, இவையளுக்கும் சேத்து அரிசி போடும்" என்றான். என்னிடம், "மீன் குழம்பு இருக்கு. சாப்பிட்டிட்டுப் போ" என்றான்.

சாப்பிட்டோம். பெரிய கதை ஒன்றும் வரவில்லை. பதின்மூன்று வருடத்துக் கதையை எங்கிருந்து தொடங்குவது? அவன் எமிலின் முழங்காலுக்கு ஒரு பூச்சு மருந்தின் பெயர் சொன்னான். கத்தரினுக்கு வேலை எப்படி என்று கேட்டான். படியிறங்கும்போது எமிலின் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டான். ஓகஸ்டில் வருவானா என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. ஆனால் நாங்கள் தெருமுனை திரும்பும்வரை கதவைச் சாத்தாமல் நின்றான்.

றெயில் மேடையில் வாங்கு ஒன்று கிடைத்தது. எமில் காலை நீட்டி வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி இருந்தார். நித்திரை என்றுதான் நினைத்தேன். இந்த மனுசன் இனி என்னோடு எப்படிக் கதைக்கப் போகிறார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு உடம்பெல்லாம் அலுப்பு.

கண்ணைத் திறக்காமலே சட்டைப் பைக்குள் கையை விட்டு விசிலை எடுத்தார். என் கையை இழுத்து, உள்ளங்கையில் வைத்தார்.

"மேசைக்கு வேற ஆரையும் பிடிப்பம். இந்த வருசம் நீர் கீழ நில்லும், ரெண்டாவது நடுவரா. கண்டதைக் கண்ட உடன ஊதும்."

"நான் ஊதினா, மனுசிதான் ஊதுறா எண்டு சனம் கதைக்கும்."

"கதைக்கட்டும்" என்றார்.

றெயில் வந்தது. அவருக்கு எழும்ப நான் கை கொடுக்க வேண்டியிருந்தது. மற்றக் கையில் விசில் இருந்தது, வேண்டாம் என்று நான் திருப்பிக் கொடுக்கவில்லை.